தொட முதல்

முதலாவதைக் கண்ணாடித் திரையில் செய்தேன்.
ஏழு கோடு, ஏழு நிறம்.
விரல் வைத்தால் சத்தம் வரும்.
விரலுக்கு ஒன்றும் வராது.
வழுக்கி எங்கேயோ போய் நிற்கும்,
பஸ் போன பிறகு கை காட்டுகிறவனைப் போல.

இரண்டாவது, பலகை.
முறிகண்டிப் பக்கத்து மரக்காலையில் மிஞ்சிய பாலைத் துண்டு.
மேலே சைக்கிள் ரியூப்பை இழுத்து ஒட்டி
சுரத்துக்கு ஒரு மேடு வைத்தேன்.
கீழே, செத்துப்போன ஃபோன்களின் அதிர்வு மோட்டர்கள் பதினாலு.
கிளிநொச்சியில் ஃபோன் திருத்தும் விதுசன்
ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டுத் தந்தவை.
"ஆரும் கோல் எடுத்தா இதுகள் இன்னும் நடுங்குமோ?"
என்று பகிடி விட்டான்.
நான் சிரித்தேன். பிறகு வீதியில் வரும்போது
சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது.

கீழ்ச் சுரத்துக்குத்தான் நடுக்கம் அகப்படவில்லை.
மார்கழியில் இரணைமடு வான் பாய்ந்த அன்று
கதவுக்கு மேலே கம்பியைப் பிடித்து நின்றேன்.
எல்லாரும் தண்ணியைப் படமெடுத்தார்கள்.
நான் ஃபோனைக் கம்பியோடு அழுத்தி
உள்ளங்கையில் ஏறியதைப் பதிந்துகொண்டேன்.
செக்கனுக்கு முப்பத்தொன்று.
இப்போது அதுதான் ச.

தேத்தண்ணிக் கடையில் அறிவித்தல் ஒட்டினோம்:
வாத்தியம் வாசிக்கத் தெரியாதவர்கள் தேவை.
மணித்தியாலத்துக்கு ஐந்நூறு ரூபா.

நாலாவதாக வந்தவர் தயாளினி.
முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிற வேலை, பதினொரு வருசம்.
ஞாயிறு மட்டும் லீவு.
அறிவியல் நகருக்குள் இதுவரை வந்ததில்லையாம்.

இருந்தார். பலகையைத் தன் பக்கம் திருப்பினார்.
மேலிருந்து தொடவில்லை.
ஓரத்திலிருந்து, சாய்வாக,
ரப்பரில் விரல் ஊர்ந்து ஊர்ந்து வந்து
மேட்டின் விளிம்பு தட்டுப்பட்டதும்
நின்றது.

"அழுத்துங்கோ அக்கா."

அழுத்தவில்லை.
அடுத்த மேடு. அதிலும் விளிம்போடு நின்றது.
என் திரையில் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது.
குறிப்பில் எழுதினேன்: பாவனையாளர் நாலு, வாசிக்கவில்லை.

"தங்கச்சி, இது பிந்துது."

"முப்பது மில்லிசெக்கன்தான் அக்கா, ஒருத்தருக்கும் விளங்காது."

"எனக்கு விளங்குது."
கையை எடுத்து மடியில் வைத்தார்.
"தொட்டாப் பிறகு சொல்லி என்ன பிரயோசனம்?
தொட முதல் எல்லோ சொல்ல வேணும்."

மூன்று கிழமை.
ரியூப்பை உரித்து, கீழே செப்புத் தாள் விரித்து,
கணக்கெல்லாம் தலைகீழாய்ப் போட்டேன்.
இனி மேடு கிட்ட வர வர ரப்பர் தடிக்கும்,
நடுக்கம் மணலாய்ச் சேரும்.
விரல் எங்கே நிற்கிறதோ அங்கே சுரம் பிறக்கும்.
மீறி அழுத்தினால் எல்லாம் அணைந்துவிடும்.
வாசிப்பு என்றால் அழுத்துவது என்று
எனக்கு ஆர் சொல்லித் தந்தது?
குறிப்பில் அந்த வரியை வெட்டினேன்.
வெட்டிய கோட்டுக்குக் கீழே
இன்னும் வாசிக்கலாம்.

திரும்பி வந்தபோது மழை.
தலையைத் துடைத்துவிட்டு
"ஸ்பீக்கரை நிப்பாட்டுவீங்களோ?" என்றார்.
"காதுக்குள்ள நாள் முழுக்க மெஷின் கத்துறது.
வீட்டில நான் ரேடியோவும் போடுறேல்லை."

நிறுத்தினேன்.
மூன்று வருசம் சத்தத்துக்காகச் செய்த ஒன்று
சத்தம் இல்லாமல் தொடங்கியது.
விரல் ஊர்கிறது, நிற்கிறது,
நெடுநேரம் நிற்கிறது.
முகம் யன்னல் பக்கம்.
எனக்கு மழைதான் கேட்டது.
பிறகு மேசையின் மற்றத் தொங்கலில்
மெல்ல உள்ளங்கையை வைத்தேன்.

வந்தது.
முப்பத்தொன்று. அதற்கு மேலே இன்னொன்று,
நான் வைக்காத இடத்தில்,
இரண்டு மேட்டுக்கும் நடுவில்.

என்ன வாசித்தார் என்று கேட்கவில்லை.
ஐந்நூறுக்குக் கையெழுத்து வைத்தார்.
எப்படி இருந்தது என்ற கட்டத்தில்
குண்டுக் குண்டாய் எழுதினார்:
மேசை கொஞ்சம் ஆடுது.

அவர் போன பிறகு
மேசைக் காலுக்குக் கீழே அட்டையை மடித்து வைத்தேன்.
திங்கட்கிழமை அதை எடுத்துவிட்டேன்.